எமது பியானோவும் அதன் ஆணிப்பலகையும்

(நூற்றாண்டு நிறைவையொட்டிக் களுதாவளையில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், பியானோத் திருத்தக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு விழாவன்று எமது மண்டபத்தில் பியானோ இருக்கவில்லை. கல்லூரிக் கீதம் ஆர்மோனியத்தோடு பாடப்பட்டது. பியானோவைத் திருத்தவென்று இலண்டனிலிருந்தும் ரொறொன்ரோவிலிருந்தும் இந்த ஊரிலிருந்தும் பணம் தந்த சகோதரிகள் பலர், “காசு முழுவதும் சேர்ந்துவிட்டதே, பியானோ எங்கே?” என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குச் சபையிலே பதில் சொல்லும்படி தலைவி அவர்கள் எங்களைப் பணித்தார்கள்.

பதிலை ஒரே வசனத்தில் சொல்லிவிடலாம். ஒரு பலகை ஓர் இரும்போடு முழு நீளத்துக்கும் ஒட்டி நிற்கவில்லை. அது ஒட்டும் வரைக்கும் காத்திருக்க நாங்கள் முடிவு செய்தோம். அந்தப் பலகை என்ன, அது ஏன் அப்படி ஒட்ட வேண்டும், விழாவைத் தவறவிட்டாவது அதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்று ஏன் நினைத்தோம் என்பதைத்தான் இனிச் சொல்லப் போகிறோம். அந்த வேலை நடந்தது இந்தக் களுதாவளையில்தான். ஆகையால் இந்தக் கதையைக் கேட்க முதல் உரிமை உங்களுக்கே உண்டு.

எமது பியானோ இங்கிலாந்தில் செய்யப்பட்ட சிறிய கிராண்ட் பியானோ. தந்திகள் நிலைக்குத்தாக நிற்காமல் கிடையாகப் படுத்திருக்கும் வகை. காலை வழிபாட்டுக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் இசைப் பரீட்சைக்கும் அதுவே துணையாக இருந்தது. 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் ஓடு பறந்து நனைந்த தளபாடங்களில் அதுவும் ஒன்று என்று மூத்த சகோதரிகள் சொல்வார்கள். அதன் பிறகும் அது ஒலித்தது. ஆனால் காலம் போகப் போக அதற்கு ஒரு குணம் வந்துவிட்டது. சுருதி கூட்டிய அன்று நன்றாக இருக்கும். அடுத்த கிழமை நடுப்பகுதி இறங்கிவிடும். ஒரு மாதத்துக்குள் உச்சத்துக் கட்டைகள் எல்லாம் கலைந்துவிடும். பிள்ளைகள் பாடும் சுருதி ஒரு பக்கம், பியானோவின் சுருதி ஒரு பக்கம்.

இதற்கு முன்பும் வைத்தியம் பார்க்கப்பட்டது. தளர்ந்த முறுக்காணிகளைக் கழற்றி, சற்றுப் பருத்த ஆணிகள் போடப்பட்டன. சில துளைகளில் கடதாசி மட்டையைச் சுருட்டி வைத்து ஆணியை அடித்திருந்தார்கள். சில துளைகளில் பசை விடப்பட்டிருந்தது. இவையெல்லாம் தவறான வைத்தியம் அல்ல. பலகை நல்லதாக இருந்து, இரண்டொரு ஆணிகள் மட்டும் தளர்ந்திருந்தால் அவை போதும். மெல்லிய பசை விட்டே பல வருடம் ஓடும் பியானோக்கள் உண்டு. எங்களுடையது அந்த நிலையைத் தாண்டிவிட்டது. கொழும்பிலிருந்து வந்த பியானோத் திருத்துநர் சில ஆணிகளைக் கழற்றிவிட்டு, துளைக்குள் சிறிய விளக்கைப் பிடித்துக் காட்டினார். துளைக்குத் துளை வெடிப்பு ஓடியிருந்தது. பலகையின் அடுக்குகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்திருந்தன. “இனி ஆணியை மாற்றிப் பயனில்லை, பலகையைத்தான் மாற்ற வேண்டும்” என்றார்.

அந்தப் பலகையின் பெயர் ஆங்கிலத்தில் பின் பிளொக். நாங்கள் அதை ஆணிப்பலகை என்று அழைத்துக்கொண்டோம். நாற்பது வருடம் அந்தப் பியானோவுக்குப் பக்கத்தில் நின்று பாடியவர்கள்கூட அதைக் கண்டதில்லை. அது இரும்புச் சட்டத்துக்கு அடியில் மறைந்திருக்கும்.

வீணை படித்த சகோதரிகளுக்கு இது இலகுவாக விளங்கும். வீணையில் தந்தியின் ஒரு நுனி பிருடையில் சுற்றப்பட்டிருக்கிறது. பிருடை ஒரு துளைக்குள் இறுகி நிற்கிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது மரத்துக்கும் மரத்துக்கும் உள்ள உராய்வு மட்டுமே. மழைக்காலத்தில் பிருடை இறுகும், வெயிற்காலத்தில் வழுக்கும். அப்போது வெண்கட்டி பூசுவோம். பியானோவிலும் அதே கதைதான். அங்கே பிருடைக்குப் பதில், ஏறக்குறைய 7 மில்லிமீற்றர் தடிப்பும் இரண்டரை அங்குல நீளமும் கொண்ட உருக்கு ஆணி. அதன் உடலில் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் மெல்லிய மரை இருக்கும். அது மரத்துளைக்குள் உராய்வினால் நிற்கிறது. பூட்டும் இல்லை, நட்டும் இல்லை.

வீணையில் தந்திகள் ஏழு. பியானோவில் 88 கட்டைகள், ஏறக்குறைய 220 தந்திகள். ஒவ்வொரு தந்தியும் எழுபது எண்பது கிலோ பாரத்தைத் தொங்கவிட்ட அளவுக்கு இழுபட்டு நிற்கிறது. எல்லாவற்றையும் கூட்டினால் 16 முதல் 20 தொன் வரை வரும். நெல் மூட்டை ஏற்றிய பெரிய லொறியின் பாரத்தை, நீங்கள் பூச்சாடி வைக்கும் அந்தப் பெட்டி இரவும் பகலும் தாங்கிக்கொண்டிருக்கிறது.

இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பார்த்தலோமியோ கிறிஸ்தோபோரி 1700ஆம் ஆண்டளவில் முதற் பியானோவைச் செய்தபோது அதன் சட்டம் மரமாகவே இருந்தது. தந்திகள் மெல்லியவை, இழுவையும் குறைவு. மண்டபங்கள் பெரிதாகப் பெரிதாக ஒலியும் பெரிதாக வேண்டியிருந்தது. தந்தி தடித்தது, இழுவை கூடியது, மரச்சட்டம் வளைந்தது. 1825இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் அல்பியஸ் பாப்கொக் என்பவர் ஒரே வார்ப்பாகச் செய்த இரும்புச் சட்டத்துக்கு உரிமம் பெற்றார். 1843இல் அதே நகரத்து ஜோனாஸ் சிக்கரிங் அதைக் கிராண்ட் பியானோவுக்குக் கொண்டுவந்தார். இன்று எந்தப் பியானோவின் மூடியைத் திறந்தாலும் பொன்னிறம் பூசிய அந்த வார்ப்பிரும்பைத்தான் காண்பீர்கள்.

தந்தியின் ஒரு நுனி, பியானோவின் வாற்பக்கத்தில் இரும்புச் சட்டத்திலேயே கொளுவப்பட்டிருக்கிறது. அந்த நுனிக்குப் பயமில்லை. மற்ற நுனி முறுக்காணியில் சுற்றப்பட்டிருக்கிறது. ஆணி சட்டத்தின் ஓட்டையூடாக இறங்கி, அடியிலுள்ள மரப்பலகையில் நிற்கிறது. ஆகவே 220 தந்திகளும் அந்தப் பலகையை இடைவிடாது வாற்பக்கமாக இழுக்கின்றன. திருகாணிகள் அதைச் சட்டத்தோடு பிடித்திருக்கின்றன. ஆனால் அவ்வளவு இழுவையைத் திருகாணிகளால் மட்டும் தாங்க முடியாது. அதற்காகவே சட்டத்தின் அடிப்பக்கத்தில், கீழ்நோக்கி நீளும் இரும்பு உதடு ஒன்றை வார்ப்பிலேயே விட்டிருப்பார்கள். பலகையின் ஓரம் அந்த உதட்டில் முட்டி நிற்க வேண்டும். தந்தி இழுக்க இழுக்கப் பலகை உதட்டோடு இறுகும். இரும்பு அந்தப் பாரத்தை வாங்கிக்கொள்ளும்.

பலகைக்கும் உதட்டுக்கும் இடையே ஓரிடத்திலாவது வெளி இருந்தால் அந்த இடத்தில் பலகைக்குச் சாய்மானம் இல்லை. இழுவை திருகாணிகளின் மேல் விழும். பலகை மயிரிழை அளவு நகரும். ஒரு தந்தியைச் சுருதி கூட்ட, பக்கத்துத் தந்தி இறங்கும். முட்டுகிற இடங்களில் பாரம் குவியும். மோசமான நிலையில் வார்ப்பிரும்பே வெடிக்கலாம். வார்ப்பிரும்பு அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், வளைவைத் தாங்காது. வெடித்தால் ஒட்டுவதும் எளிதல்ல. பியானோவின் ஆயுள் அத்துடன் முடிந்துவிடலாம்.

எமது பழைய பலகை ஏன் கெட்டது? நாம் வாழும் இடமே காரணம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. வாடைக் காலத்தில், ஐப்பசி முதல் தை வரை, காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். மரம் ஊதும். ஆனால் துளைக்குள் உருக்கு ஆணி நிற்பதால் மரம் ஊத இடமில்லை, தன்னைத்தானே நசித்துக்கொள்ளும். பிறகு கச்சான் வீசும். மரம் காய்ந்து சுருங்கும். நசிந்த நார் திரும்ப நிமிர்வதில்லை. துளை முன்பிருந்ததைவிடச் சற்றுப் பெரிதாகும். இப்படி வருடத்துக்கு ஒரு தரம், பல பத்தாண்டுகள். குளிர்நாட்டில் அது இன்னும் நெடுநாள் இருந்திருக்கக்கூடும்.

இதைக் கேட்டபின் சங்கத்துக்குள் வாக்குவாதம் வந்தது. மறைக்க வேண்டியதில்லை. “அந்தக் காசுக்கு நல்ல கீபோட் இரண்டு வாங்கலாமே, சுருதி கூட்டும் செலவே இல்லையே” என்று ஒரு சாரார் கேட்டார்கள். “விடுதிக்குத் தண்ணீர்த் தாங்கி வேண்டும், அதை முதலில் பாருங்கள்” என்று இன்னொரு சாரார் சொன்னார்கள். இரண்டும் நியாயமான பேச்சே. தண்ணீர்த் தாங்கிக்கு வேறாகப் பணம் திரட்டுவது என்று தீர்மானித்து, அதை முதலில் கட்டி முடித்தோம். அதன் பிறகே பியானோவில் கை வைத்தோம்.

பழையது என்பதற்காக மட்டும் நாங்கள் அதைத் திருத்தவில்லை. திருத்துநரிடம் மூன்று கேள்விகள் கேட்டோம். இரும்புச் சட்டம் வெடிப்பில்லாமல் இருக்கிறதா? ஒலிப்பலகை பிளந்து பயனற்றுப் போகாமல் இருக்கிறதா? கட்டைகளும் சுத்தியல்களும் திருத்தக்கூடிய நிலையில் உள்ளனவா? மூன்றில் ஒன்றுக்கு “இல்லை” என்று பதில் வந்திருந்தாலும் அதை ஒரு நினைவுப் பொருளாக ஓரத்தில் வைத்துவிட்டுக் கீபோட் வாங்கியிருப்போம். மூன்றுக்கும் “ஆம்” என்ற பதில் வந்தது. வேறு சங்கங்களிலும் இப்படிப் பழைய பியானோ இருக்கலாம். இந்த மூன்று கேள்விகளைக் கேட்காமல் பணம் சேர்க்கத் தொடங்க வேண்டாம் என்பது எங்கள் ஆலோசனை.

கல்லூரியில் இந்த வேலைக்கு இடமில்லை. ஒரு சகோதரியின் குடும்பத்துக்குக் களுதாவளையில் தச்சுப்பட்டறை இருக்கிறது. நல்ல கூரை, சீமெந்து நிலம், நீண்ட வாங்கு, எல்லாவற்றுக்கும் மேலாக நல்ல ஓடாவியார் ஒருவர். அவர் கதவு, யன்னல், கட்டில், கோயில் வாகன வேலை எல்லாம் செய்தவர்; பியானோவைத் தொட்டதில்லை. திருத்துநர் பியானோ தெரிந்தவர். ஆனால் அவ்வளவு பெரிய மரவேலைக்கு வேண்டிய வாங்கும் ஆளணியும் அவரிடம் இல்லை. இருவரும் சேர்ந்தால் முடியும் என்று பட்டது. கால்களைக் கழற்றி, பியானோவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, சாக்கும் மெத்தையும் சுற்றி லொறியில் ஏற்றினோம். கல்லடிப் பாலம் கடந்து இந்தப் பக்கம் வந்தது.

முதல் வேலை தந்திகளைத் தளர்த்துவது. இதிலேயே அவசரம் கூடாது. ஒரு பக்கத் தந்திகளை முற்றாகக் கழற்றிவிட்டு மறுபக்கத்தை அப்படியே விட்டால் சட்டத்தில் பாரம் ஒருபக்கமாகச் சாயும். எனவே எல்லாத் தந்திகளையும் கொஞ்சம், மறுபடி எல்லாவற்றையும் கொஞ்சம் என்று பல சுற்றில் தளர்த்தினார்கள். கழற்றுமுன் ஒவ்வொரு தந்தியின் தடிப்பும், ஆணியின் உயரமும், சட்டம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதும் கொப்பியில் எழுதப்பட்டன. எழுதியது எங்களில் ஒருத்தி. கணக்காசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். “பிள்ளையளின்ர புள்ளிப் பதிவைவிட இதுக்குத்தான் கவனம் கூட வேணும்” என்றார்.

பிறகு சட்டத்தைத் தூக்குவது. மோட்டார் கராஜில் எஞ்சின் தூக்கும் செயின் புளொக்கை வளையில் கொளுவி, அங்குலம் அங்குலமாகத் தூக்கினார்கள். பட்டறையில் ஒருவரும் பேசவில்லை. சட்டம் மேலே வந்ததும் அடியில் பழைய பலகை தெரிந்தது. கறுத்து, அடுக்குகள் விரிந்து, பழைய புத்தகத்தின் ஓரம் போல இருந்தது. அதை அறுத்தெடுத்தார்கள், ஆனால் எறியவில்லை. புதிய பலகைக்கு அதுவே அச்சு.

இனிப் புதிய பலகை. ஓடாவியார் கேட்டார்: “முதிரை இருக்கக்குள்ள வெளிநாட்டுப் பலகை என்னத்துக்கு மகள்? முதிரையில ஆணி அசையுமா?” திருத்துநர் விளக்கினார். கடினம் மட்டும் போதாது. ஒரே மரத்தில் அறுத்த பலகையில் ரேகை ஒரே திசையில் ஓடும். இங்கே கிட்டக்கிட்ட இருநூறுக்கு மேற்பட்ட துளைகள். ஒவ்வொன்றிலும் ஆணி இறுகித் தள்ளும். ரேகையோடு வெடிப்பு ஓடிவிடும். அதனால் மேப்பிள் அல்லது பீச் மரத்தின் அடுக்குகளை ஒன்றின் ரேகைக்கு மற்றதன் ரேகை குறுக்காக வைத்து ஒட்டிய பலகைதான் வேண்டும். அப்போதுதான் ஆணியின் எல்லாப் பக்கமும் மரத்தின் தலைநார் பிடிக்கும். வெடிப்புக்கும் வழி இருக்காது. ஓடாவியார் சற்று யோசித்துவிட்டு, “சரிதான். பாலைத் தடியிலயும் ஒரே வரியில ஆணி அடிச்சா வெடிக்கத்தான் செய்யும்” என்றார். ஒன்றரை அங்குலத் தடிப்புள்ள, பல அடுக்குப் பீச் பலகையை ஜேர்மனியில் உள்ள சகோதரி ஒருவர் வாங்கி அனுப்பினார். வந்தவுடன் அதை வெட்டவில்லை. நம்மூர்க் காற்றுக்குப் பழகட்டும் என்று சில கிழமைகள் பட்டறையிலேயே வைத்திருந்தார்கள்.

பழைய பலகையை மேலே வைத்துக் கோடு கீறி, சற்றுப் பெரிதாகவே வெட்டினார்கள். இதன்பின் தொடங்கியதுதான் உண்மையான வேலை. இரும்பு உதடு நேராக இருக்கும் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். இல்லை. வார்ப்பிரும்பு மணல் அச்சில் வார்க்கப்படுவது. அதில் மேடும் பள்ளமும் உண்டு, சரிவும் உண்டு. கண்ணுக்கு நேராகத் தெரிவது கைக்கு நேராக இல்லை. அந்த இரும்பின் ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஏற்ப மரத்தைச் சீவ வேண்டும்.

சட்டத்தைக் கவிழ்த்து வாங்கில் வைத்தார்கள். உதட்டில் நீல வெண்கட்டி பூசினார்கள். கல்லூரி வகுப்பறையிலிருந்து கொண்டுவந்த வெண்கட்டிதான். பலகையைச் சட்டத்தின்மேல் வைத்து, உதட்டோடு தள்ளி, மரச்சுத்தியலால் தட்டினார்கள். எடுத்துப் பார்த்தால் பலகையின் ஓரத்தில் நாலைந்து இடத்தில் நீலம். அவைதான் முட்டும் இடங்கள். அந்த இடங்களில் மட்டும் அரத்தாலும் சீவுளியாலும் மெல்ல எடுத்தார்கள். மறுபடி வெண்கட்டி, மறுபடி தட்டல். நீலம் பத்து இடத்தில். மறுபடி எடுத்தல். நீலம் இருபது இடத்தில். ஓரம் முழுவதும் நீலம் படரும் வரைக்கும் இப்படியே. கூட எடுத்துவிட்டால் திரும்ப வைக்க முடியாது. மரத்தை எடுக்கலாம், சேர்க்க ஒண்ணாது. பலகையின் மேற்பரப்பும் சட்டத்தின் அடியோடு இதேபோலப் பொருந்த வேண்டும். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவைக்கு மேல் ஓடாவியார் செய்யமாட்டார். “கண் களைச்சா கை பொய் சொல்லும்” என்பார்.

விழாவுக்குப் பத்து நாட்கள் இருந்தன. ஓரம் முழுவதும் நீலமாகத்தான் தெரிந்தது. திருத்துநர் மெல்லிய தாள்க் கீலங்களை உதட்டுக்கும் பலகைக்கும் இடையே நெடுக வைத்து, பலகையை இறுக்கிவிட்டு ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். கீலம் வராவிட்டால் அங்கே பிடிப்பு இருக்கிறது. வரிசையாக எல்லாம் நின்றன. உச்சத்துத் தந்திகள் வரும் பக்கத்தில் மூன்று கீலங்கள் தடையில்லாமல் வந்துவிட்டன. அந்த இடத்தில் வெண்கட்டித் தூள் தடித்து ஒட்டியதால் நீலம் பட்டிருக்கிறது, மரம் படவில்லை.

அந்த இடம் சாதாரண இடமும் அல்ல. உச்சத்துத் தந்திகள் மிகக் குட்டையானவை. நீளமான தந்தியில் ஆணி மயிரிழை அசைந்தால் சுருதி சற்றே மாறும். குட்டைத் தந்தியில் அதே அசைவு சுருதியை நன்றாகக் கலைத்துவிடும். பழைய பலகையில் முதலில் கெட்டதும் அந்தப் பக்கந்தான்.

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, வெளியில் ஒரு மெல்லிய தகட்டைச் செருகிவிட்டு வேலையைத் தொடர்வது. இரண்டாவது, எபொக்சிப் பசையால் நிரப்புவது. மூன்றாவது, பலகையை மறுபடி எடுத்து, ஒட்டியிருக்கும் இடங்கள் எல்லாவற்றிலும் சீவி, ஓரம் முழுவதையும் முன்னே கொண்டுபோவது. மூன்றாவது வழியில் விழாவுக்குப் பியானோ வராது.

திருத்துநர் பக்கஞ்சாராமல் சொன்னார். எபொக்சி கெட்ட முறை அல்ல. பிற நாடுகளில் நல்ல திருத்துநர்களே அதைப் பாவிக்கிறார்கள். ஆனால் சீவ மரம் இருக்கும்போது மரமும் இரும்பும் நேரே முட்டுவதையே அவர் விரும்பினார். துளைகள் இன்னும் இடப்படாததால் பலகையை முன்னே நகர்த்த இப்போது இடமிருக்கிறது. துளை இட்டபின் அந்த இடம் இல்லை. ஆகவே முடிவு இன்றைக்கு எடுக்க வேண்டியது, பிறகு எடுக்க முடியாதது.

ஓடாவியாரிடம் கேட்டோம். அவர் தகட்டைப் பற்றி மட்டும் சொன்னார்: “தகடு வைச்சு ஒப்பேத்தலாம் மகள். விழாவுக்கு வாசிக்கலாம், எல்லாரும் கை தட்டுவாங்க. மறுகா தகடு நசியும், பலகை அசையும். அப்ப நீங்க என்னைத் தேடி வருவீங்க. நான் இருப்பனோ தெரியாது.”

அன்றிரவு குழுவிலுள்ள ஐவரும் தலைவியோடும் வெளிநாட்டுச் சகோதரிகளோடும் தொலைபேசியில் பேசினோம். விழாவில் பியானோ வாசிக்க வேண்டும் என்று ஒருவர் விமானச்சீட்டே எடுத்திருந்தார். அவரிடம் சொல்வதுதான் எங்களுக்குக் கடினமாக இருந்தது. அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நூறு வருஷம் ஒரு நாளில முடியிறதில்லையே, சரியாச் செய்யுங்கோ” என்றார். அந்த வார்த்தையோடு தீர்மானம் ஆயிற்று. ஆர்மோனியத்தோடு கீதம் பாடப்பட்டதன் காரணம் இதுதான். அது தவறிய வேலை அல்ல, தெரிந்து எடுத்த முடிவு.

மூன்றாவது வழியில் மேலும் பதினேழு நாட்கள் சென்றன. பதினேழாம் நாள் கீலம் எதுவும் வரவில்லை. ஓடாவியார் தானே ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தார். இழுத்தபோது தாள் கிழிந்ததே தவிர, அசையவில்லை.

மிகுதி வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். பலகையைச் சட்டத்தோடு திருகாணிகளால் இறுக்கி, சட்டத்தின் ஓட்டைகள் வழியாகத் துளைகளுக்கு அடையாளம் இட்டார்கள். துளை நேர் செங்குத்தாக இராது. தந்தி இழுக்கும் திசைக்கு எதிராக ஐந்தாறு பாகை சாய்ந்திருக்கும். துளைக்கருவி சூடேறினால் துளையின் சுவர் கருகிக் கண்ணாடி போலாகும். பிறகு ஆணி மெல்லத் திரும்பாமல் துள்ளித் துள்ளித் திரும்பும். எனவே ஒவ்வொரு துளைக்கும் நிறுத்தி நிறுத்தி, ஆறவிட்டுத் துளைத்தார்கள். அதற்கு முன், அதே பலகையின் வெட்டுத்துண்டில் வெவ்வேறு அளவில் துளையிட்டு, ஆணி அடித்து, அதைத் திருப்ப எவ்வளவு விசை வேண்டும் என்று முறுக்குமானியால் அளந்தார்கள். 100 அங்குல இறாத்தல் அளவில் நிற்கும் துளையைத் தெரிவு செய்தார்கள். அதைவிட மிக இறுகினால் சுருதியை நுட்பமாக நிறுத்த முடியாது. மிகத் தளர்ந்தால் நிற்காது. பிறகு சட்டம் இறங்கியது, புதுத் தந்திகள் ஏறின, ஒவ்வோர் ஆணியிலும் மூன்று சுற்று. ஆணி அடிக்கும்போது பலகைக்குக் கீழே முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

புதுத் தந்தி நீளும். ஆகையால் முதற் சுருதி கூட்டல் அடுத்த நாளே இறங்கியது. அதைக் கண்டு நாங்கள் பயந்தோம், திருத்துநர் சிரித்தார். ஐந்தாவது தடவை கூட்டியபின் மத்திம ஆ சுரம் உலகம் ஏற்றுக்கொண்ட 440 அதிர்வில் வந்து நின்றது. வாடைக் காலம் ஒன்று முழுதாகக் கடந்துவிட்டது. உச்சத்துப் பக்கம் உட்பட அது நிற்கிறது.

சகோதரிகளே, எமது மண்ணில் பிறந்த சுவாமி விபுலானந்த அடிகள், வழக்கொழிந்த யாழை இலக்கியங்களிலிருந்து ஆராய்ந்து 1947இல் யாழ் நூலைத் தந்தார். ஒரு கருவி கையிலிருந்து போய்விட்டால், பிறகு அதை ஏட்டிலிருந்து மீட்க ஒரு மேதையின் ஆயுளில் பெரும்பகுதி தேவைப்படுகிறது. கையில் இருக்கும்போதே அதைப் பேணுவதற்கு மேதை தேவையில்லை. பொறுமையான ஒரு ஓடாவியாரும், தொழில் தெரிந்த ஒரு திருத்துநரும், காத்திருக்கச் சம்மதிக்கும் ஒரு சங்கமும் போதும்.

இனி உங்களிடம் சில வேண்டுகோள்கள். பியானோவின்மேல் பூச்சாடி வைக்க வேண்டாம். அதை யன்னலோரத்துக்கோ நேர்வெயிலுக்கோ நகர்த்த வேண்டாம். மழைக்காலத்தில் மூடியை மூடி வையுங்கள், ஆனால் பொலித்தீனால் சுற்ற வேண்டாம். ஈரம் உள்ளே அடைபடும். இந்த முதல் வருடத்தில் நான்கு தடவை, அதன்பின் வாடை முடிந்தபின் ஒன்றும் கச்சான் முடிந்தபின் ஒன்றுமாக வருடத்துக்கு இரண்டு தடவை சுருதி கூட்ட வேண்டும். அதற்கான செலவுக்குச் சிறு நிதியொன்றை வைத்திருக்கிறோம். அதை வேறு எதற்கும் எடுக்க வேண்டாம் என்று வருங்காலக் குழுக்களைக் கேட்டுக்கொள்கிறோம். அளவுகள் எழுதிய கொப்பியும், பழைய பலகையில் ஒரு துண்டும் கல்லூரி நூலகத்தில் இருக்கின்றன. அடுத்த முறை பலகை மாற்ற வரும் கைகளுக்கு அவை உதவும்.

உயர்தர வகுப்பில் சங்கீதம் படிக்கும் இரண்டு மாணவிகள் இந்த வேலை நடந்த நாட்களில் பட்டறைக்கு வந்து போனார்கள். ஒரே சுரத்துக்குரிய மூன்று தந்திகளையும் அலைவு இல்லாமல் ஒன்றாக்குவது எப்படி என்று திருத்துநர் அவர்களுக்குப் பழக்கியிருக்கிறார். அவர்களுக்கென்று ஒரு சுருதிச் சாவியையும் விட்டுச் சென்றிருக்கிறார். இந்தத் தொழிலை மட்டக்களப்பில் இருந்தபடியே செய்யும் ஒரு பெண் எமது கல்லூரியிலிருந்து வருவாளாக இருந்தால், சேர்த்த பணத்தில் அதுவே மிகப் பெரிய இலாபம்.

பட்டறையைத் தந்த குடும்பத்தினருக்கும், வேலை நடந்த நாளெல்லாம் சோறும் மீன்குழம்பும் சமைத்துத் தந்து, போகும்போது தங்கள் தோட்டத்து வெற்றிலையும் கட்டிக் கொடுத்த களுதாவளைச் சகோதரிகளுக்கும், திருத்துநருக்கும், எல்லாருக்கும் மேலாக ஓடாவியாருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி சொல்கிறோம். பியானோ இப்போது தன் மண்டபத்தில் இருக்கிறது. தவணை முடிவு நாளன்று பிள்ளைகள் அதோடு பாடுவார்கள். எல்லோரும் வந்து கேளுங்கள்.